இளநிலை உதவியாளர் வேலை: நாற்காலியில் உட்கார்ந்த பிறகு படித்தது

டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 4 தேர்வில் தேறி, கலந்தாய்வில் இளநிலை உதவியாளர் பணியை எடுத்துக்கொண்டு ஒரு மாவட்ட அலுவலகத்தில் சேர்ந்தவன் நான். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் பலர், "சேர்ந்த பிறகு என்ன அண்ணா தெரிஞ்சிருக்கணும்?" என்று கேட்கிறார்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ் என்று தேர்வைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேலையில் எது கைகொடுத்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தட்டச்சு. தட்டச்சர் பணிக்குத்தான் அது கட்டாயம். இளநிலை உதவியாளருக்கு இல்லை. ஆனாலும் பள்ளி முடித்த விடுமுறையிலேயே எங்கள் ஊர் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து 'யளனகபக' அடிக்கத் தொடங்கிவிட்டேன். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத் தேர்வில் வேகத் தாளுக்கு 10 நிமிடம். லோயருக்கு (இளநிலை) 1500 தட்டு, ஹையருக்கு (முதுநிலை) 2250. எல்லோரும் இந்த வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பயன்பட்டது இரண்டாம் தாளில் வரும் கடிதமும், அட்டவணையாக அடிக்கும் ஸ்டேட்மென்ட்டும்தான். எத்தனை நெடுவரிசை, எது அகலம், தாளில் எங்கே தொடங்கினால் நடுவில் வந்து உட்காரும் என்று அடிப்பதற்கு முன்பே கணக்குப் போடப் பழக்கிவிடுவார்கள். இன்று எக்ஸெலில் நிலுவை அறிக்கை தயாரிக்கும்போதும் அதே கணக்குதான் ஓடுகிறது.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். தட்டச்சு மெஷினில் புள்ளியை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அப்புறம் அடிப்போம். கணினியில் பயன்படுத்தும் தமிழ்99 விசைப்பலகையில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. 'க' வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். விரல் பழக்கத்தை மாற்றக் கொஞ்ச நாள் பிடிக்கும். பழைய கடிதங்கள் பலவும் வானவில் எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதை எல்லாக் கணினியிலும் தெரியும் யுனிகோடுக்கு மாற்றத் தெரிந்தவருக்கு எந்த அலுவலகத்திலும் மரியாதை உண்டு.

சேர்ந்த அன்றே எனக்கு 'அ4' சீட்டை, அதாவது 'அ' பிரிவின் நான்காம் இருக்கையைக் கொடுத்தார்கள். ஒரு பீரோ, மேசைமேல் கோப்புக் கட்டுகள், ஒரு தன்பதிவேடு. இந்தத் தன்பதிவேடுதான் நம் ஆயுள் ரேகை என்று எங்கள் கண்காணிப்பாளர் மேடம் சொன்னார். தபால்களைப் பிரித்துக் கொடுக்கும் பகிர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கும் ஒவ்வொரு தபாலும் அதில் ஏற வேண்டும். என்றைக்கு வந்தது, யாரிடமிருந்து, என்ன பொருள், நாம் என்ன செய்தோம், யாருக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் சொல்லப்படும் பழைய முறை இது. எனக்கு இதன்மேல் பெரிய மதிப்பு உண்டு. ஒழுங்காக எழுதிய தன்பதிவேடு இருந்தால், நாம் விடுப்பில் போனாலும் இன்னொருவர் வந்து அதே இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம்.

அடுத்தது குறிப்பு எழுதுவது, அதாவது அதிகாரி முடிவெடுக்க வசதியாகக் கோப்பின் நிலையைச் சுருக்கி எழுதுவது. இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். என்னிடம் வந்த ஒரு கோப்பையே சொல்கிறேன். பணியில் இருக்கும்போதே இறந்துபோன அலுவலக உதவியாளர் ஒருவரின் குடும்ப ஓய்வூதியம். கோப்பு தடிமனாக இருந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம், நினைவூட்டுக்கு மேல் நினைவூட்டு. முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படித்ததில், எல்லாக் கடிதங்களும் ஒரே இடத்தில் முட்டி நிற்பது தெரிந்தது. பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயர் ஒரு மாதிரி, வாரிசுச் சான்றில் வேறு மாதிரி. நான் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்:

"பணியாளர் பணிக்காலத்தில் காலமானார். மனைவியின் பெயர் பணிப்பதிவேட்டிலும் வாரிசுச் சான்றிலும் வேறுபடுகிறது. இருவரும் ஒருவரே என வட்டாட்சியரிடம் சான்று கோரலாம். கடித வரைவு ஒப்புதலுக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது."

மேடம் படித்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். சான்று வந்தது, முன்மொழிவு சென்னை மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போனது. என்ன வந்திருக்கிறது, எங்கே சிக்கல், விதி என்ன சொல்கிறது, அடுத்து என்ன செய்யலாம்: குறிப்பில் இந்த நான்கும் இருந்தால் அதிகாரி கோப்பைத் திருப்பி அனுப்ப மாட்டார். பல பேர் பழைய குறிப்பையே மறுபடி நகலெடுத்துப் பக்கத்தை நிரப்புகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் வீட்டில் ஒரு அம்மா காத்திருக்கிறார்.

கோப்பை முடிக்கவும் தெரிய வேண்டும். வேலை முடிந்த கோப்பை ஓ.மு. (ஓராண்டு முடிவு), மூ.மு. (மூன்றாண்டு), ப.மு. (பத்தாண்டு), நி.மு. (நிரந்தரம்) என்று எத்தனை காலம் வைத்திருக்க வேண்டுமோ அதற்கேற்ப முடித்துப் பதிவறைக்கு அனுப்பிவிட்டால் மேசை காலியாகும், மூளையும்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு வந்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தேட வேண்டிய தாள் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எல்லோரும் ஓடுவார்கள்.

விதிகளைப் பொறுத்தவரை, மனப்பாடம் வேண்டாம், தேடத் தெரிந்தால் போதும். பணியில் இருப்பவர்கள் எழுதும் துறைத்தேர்வுகள் மே, டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கின்றன. அதில் சில தாள்களைப் புத்தகம் வைத்துக்கொண்டே எழுதலாம். சுலபம் என்று நினைக்காதீர்கள். விடை எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் பக்கத்தைப் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பவானிசாகரில் தரும் அடிப்படைப் பயிற்சி இந்த விஷயத்தில் எனக்கு நிறையச் செய்தது. விடுப்பு விதிகள், அடிப்படை விதிகள், அலுவலக நடைமுறை எல்லாம் வகுப்பில் கேட்டது ஒரு பங்கு என்றால், மற்ற துறைகளிலிருந்து வந்தவர்களோடு விடுதியில் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டது இன்னொரு பங்கு. கருவூலத்தில் ஒரு பட்டியல் (பில்) ஏன் திரும்பி வருகிறது என்பதை அங்கே வேலை பார்க்கும் நண்பரே சொன்னது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் மின் அலுவலகம் (இ-ஆபீஸ்) வந்தபின் கட்டும் டேக்கும் குறைந்திருக்கின்றன. குறிப்பும் வரைவும் திரையில் போகின்றன, அவ்வளவுதான். எழுதத் தெரியாதவருக்கு அங்கேயும் அதே சிரமம்.

முடிவு வரும்வரை கையில் சில மாதங்கள் இருக்கும். தட்டச்சு முடிக்காதவர்கள் முடித்துவிடுங்கள், கணினி ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். அலுவலக நடைமுறை நூல் ஒன்றை வாங்கித் தன்பதிவேடு, குறிப்பு, வரைவு பற்றிய பகுதிகளை மட்டுமாவது படியுங்கள். பணியில் சேர்ந்த பிறகு வரும் முதல் துறைத்தேர்வு அறிவிப்புக்கே விண்ணப்பித்துவிடுங்கள். பல துறைகளில், துறைத்தேர்வுகளில் ஒன்றான கணக்குத் தேர்வு முடிக்காமல் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது.