அடி நூல் வீடியோவைத் தேடலில் கொண்டுவரப் பட்ட பாடு

"யூடியூப்ல தேடினா முதல்ல உங்க வீடியோதான் வரும்" என்று பணம் வாங்கியவர்கள் செய்தது இவ்வளவுதான்: என் தையல் மெஷின் ரிப்பேர் வீடியோக்கள் எல்லாவற்றிலும் டிஸ்கிரிப்ஷன் (வீடியோவுக்குக் கீழே வரும் விளக்கம்) அடியில் ஒரு பத்தி முழுக்க வெறும் டேக்குகள் (தேடலுக்கான குறிச்சொற்கள்). நடிகர்கள் பெயர்கூட இருந்தது! தையலுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? பார்வை கூடவில்லை, ஒரு வீடியோவை நீக்கிவிட்டதாக யூடியூபிலிருந்து மெயில்தான் வந்தது. டிஸ்கிரிப்ஷனில் டேக்குகளைக் கொட்டுவது யூடியூபின் ஸ்பேம் விதிக்கு எதிரானது. கேட்டால், "அல்காரிதம் மாறிடுச்சு" என்றார்கள். இன்னும் வயிறு எரிகிறது.

பிறகு நானே உட்கார்ந்தேன். டேக்குக்குத் தனிப் பெட்டி உண்டு. ஆனால் எழுத்துப்பிழையோடு தேடுகிறவர்களுக்கு உதவுவதைத் தாண்டி அதற்குப் பெரிய பங்கில்லை என்று யூடியூபே சொல்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) அனலிட்டிக்ஸ் போய், யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் என்ன தட்டினார்கள் என்று பாருங்கள். புதையலே அங்கேதான் இருக்கிறது. "பராமரிப்பு – பாகம் 3" என்று ஒருவரும் தேடவில்லை. "நூல் அறுந்துகிட்டே இருக்கு", "அடி நூல் மேல வருது" என்றுதான் தேடியிருந்தார்கள். பலர் இதையே ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். அவர்கள் கேட்டபடியே தலைப்பை மாற்றினேன். 100 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் மொபைலில் பின்பாதி வெட்டுப்படும், அதனால் என்ன கோளாறு என்பது முதலில் வரட்டும்.

சப்டைட்டில், தம்ப்நெயில் வேலை சிக்கலில்லாமல் முடிந்தது.

மண்டையைக் காய வைத்தது சாப்டர்தான், அதாவது வீடியோவின் பட்டையைத் தலைப்புவாரியாகப் பிரிப்பது. டிஸ்கிரிப்ஷனில் நேரமெல்லாம் வரிசையாக இருந்தும் வீடியோவின் பட்டை பிரியவே இல்லை. ஏன் என்றும் எங்கேயும் காட்டவில்லை. கடைசியில் பார்த்தால், அந்த ஆட்கள் 0:15-லிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் வரி 0:00 ஆக இருந்தே தீர வேண்டும். குறைந்தது 3 சாப்டர், ஒவ்வொன்றும் 10 விநாடியாவது வேண்டும். "0:00 நூல் ஏன் அறுகிறது" என்று போட்டுச் சேமித்தேன், பட்டை துண்டு துண்டாகப் பிரிந்து நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை.

ஹாஷ்டேக்கை அள்ளிப் போடாதீர்கள். 60-ஐத் தாண்டினால் அத்தனையையும் யூடியூப் கண்டுகொள்ளாது.

பழைய வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொல்வார்கள், கேட்கவே கேட்காதீர்கள். சேர்ந்த பார்வையும் கமென்ட்டும் போய்விடும். தலைப்பையும் டிஸ்கிரிப்ஷனையும் இருந்த இடத்திலேயே மாற்றலாம். வெளியாட்களுக்குச் சேனல் அனுமதி கொடுத்திருந்தால், ஸ்டுடியோ செட்டிங்ஸில் பர்மிஷன்ஸ் போய் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.