கேமரா வருவதற்குள் போய்விட்ட கோட்டை

மார்ச் 3, 2024, ஞாயிறு

முப்பது ஆண்டுகள் வரைபட மேசையில் குனிந்தே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. லின்னேயஸ் ட்ரைப் 1858இன் தொடக்கத்தில் மதுரையில் எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ட்ரைப் சென்னை ராணுவத்தில் கேப்டன். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று ஊர் ஊராகப் போனவர். மெழுகு தடவிய காகிதம்தான் நெகட்டிவ். பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மாட்டு வண்டியில் போயிருப்பார் என்று நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

நான் தேடியது கோட்டை. விசுவநாத நாயக்கர் காலத்தில் விரிவாக்கப்பட்ட கோட்டை, 72 கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒரு படத்திலாவது மதில் தெரியும் என்று நம்பினேன். இல்லை. கலெக்டர் பிளாக்பர்ன் 1840களிலேயே அதை இடிக்க வைத்துவிட்டார். உலகத்துக்குப் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டதே 1839இல். அது மதுரை வந்து சேர்வதற்குள் மதில் போய், அகழியும் தூர்ந்துவிட்டது.

ஆனால் ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். கோட்டையை இடித்த பிளாக்பர்னுக்கு ஊர் எடுத்த நினைவுத் தூணை ட்ரைப் தனியாக ஒரு படம் எடுத்திருக்கிறார். அதுதான் நம் விளக்குத்தூண். கோட்டைக்கு ஒரு படம்கூட இல்லை, இடித்தவரின் தூணுக்கு மட்டும் இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். அவர் தெற்கு மாரட் வீதியில் பிறந்து வளர்ந்தவர். "மாரட் என்றால் மராட்டியர்கள் இருந்த தெரு என்றுதானே நினைத்திருந்தேன்" என்றார். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். மாரட் ஒரு வெள்ளைக்கார சர்வேயர். கோட்டை இருந்த நிலத்தை அளந்து தெரு பிரித்தவர். பெருமாள் மேஸ்திரி இடிப்பு வேலையை நடத்தியவர். மதிலை உடைத்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலத்தைக் கொடுத்தார்கள். அரசாங்கத்துக்குக் கூலி மிச்சம், ஊருக்குப் புதுத் தெரு. பிளாக்பர்ன் கெட்டிக்காரர் என்பதை மறுக்க முடியவில்லை.

இரவு ஒரு தாளில் கோவிலிலிருந்து வெளியே வரும் வீதிகளை வரிசையாக எழுதினேன். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி. அடுத்தது மாரட், பெருமாள் மேஸ்திரி, கடைசியில் வெளி. மாதங்களின் பெயர் முடிந்து மனிதர்களின் பெயர் தொடங்குகிற இடத்தில்தான் கோட்டை நின்றிருக்கிறது. வெளி வீதி, பெயரே சொல்வதுபோல, கோட்டைக்கு வெளியே. ஐம்பது வருடமாக இந்தப் பெயர்களை பஸ் கண்டக்டரிடம் சொல்லி டிக்கெட் வாங்கியிருக்கிறேன். ஒருநாளும் தோன்றவில்லை.

மார்ச் 8, வெள்ளி

எரிச்சல். ட்ரைப் எடுத்த திருமலை நாயக்கர் மகால் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்திருந்தேன். கடைத் தம்பி, "கறையெல்லாம் இருந்தது சார், சுத்தமாக எடுத்துவிட்டேன்" என்று பெருமையாக நீட்டினார். எனக்கு வேண்டியதே அந்தக் கறைகள்தான்; சுதையில் விழுந்த விரிசலும் ஈரம் ஏறிய கோடும். வானத்தையும் நீலமாக்கியிருந்தார். மறுபடி அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அதிகம் திட்டவும் மனம் வரவில்லை. ட்ரைப்பே நெகட்டிவின் மேல் தூரிகை பிடித்து வானத்தில் மேகம் தீட்டியவர்தான்.

மார்ச் 10, ஞாயிறு

பத்துத் தூண். ஜவுளிக்கடைச் சந்துக்குள் நின்று எண்ணினால் எனக்கு ஏழுதான் வந்தது. மீதி மூன்றையும் கடைப் பலகைகளும் துணித் தொங்கல்களும் மறைத்திருந்தன. திருமலை நாயக்கர் அரண்மனை வளாகம் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதற்கு இந்தத் தூண்களே சாட்சி. மகால் என்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது மொத்தத்தில் கால் பங்குதான் என்பார்கள்.

ஒரு தூணின் அடியில் கை வைத்தேன். இடுப்பு உயரம் வரை கல் வழவழவென்று எண்ணெய்ப் பளபளப்பு. அத்தனை காலம் முதுகு சாய்த்திருக்கிறார்கள். அதற்கு மேலே சொரசொரப்பு. யாரோ கயிறு கட்டி வெயிலுக்குத் தார்ப்பாய் இழுத்திருந்த தழும்பு இரண்டு இடத்தில். மேலே பார்க்கக் கழுத்து வலித்தது. தாங்குவதற்குக் கூரை இல்லாமல் நாற்பதடி உயரத்துக்கு நிற்கின்றன.

"அளக்க வந்திருக்கிறீர்களா அண்ணே, இடிக்கப் போகிறார்களா?" என்று ஒரு கடைக்காரர் பதறிக்கொண்டு வந்தார். கையில் டேப் வைத்திருந்தது என் தப்பு. விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூல் எடுத்துப் போட்டார், தேநீர் சொன்னார். பக்கத்துக் கடையின் பின்னால் இருக்கும் எட்டாவது தூணையும் அவர்தான் காட்டினார். அதன் மேல் ஒரு மின்பெட்டி.

மார்ச் 17, ஞாயிறு

மகாலுக்குள் இரண்டு மணி நேரம். புதிய அச்சோடு போனேன், கறைகளோடு. ட்ரைப் படம் எடுத்தபோது இது பாழடைந்த கட்டடம். ஆளுநர் நேப்பியர் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தது பிறகுதான், அவர் 1866இல்தான் பதவிக்கே வருகிறார். ஆகவே இந்தப் படங்கள் பழுதுபார்ப்பதற்கு முந்தைய நிலைக்குச் சாட்சி. நாம் இன்று அண்ணாந்து வியக்கும் சுதை வேலையில் எது நாயக்கருடையது, எது நேப்பியர் காலத்துக் கொத்தனாருடையது என்று பிரித்துப் பார்க்க இவை இல்லாவிட்டால் வழியே இல்லை. வழிகாட்டிகள் எல்லாவற்றையும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள்.

படத்தில் இருக்கும் வளைவு ஒன்றைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் நிழல்தான் குழப்பம் என்று புரிந்தது. நான் வைத்திருந்த நகல் இடம் வலம் மாறியது. யாரோ திருப்பிப் போட்டு வலையேற்றியதை நானும் இறக்கியிருக்கிறேன். கைப்பேசியில் திருப்பியவுடன் வளைவு கண்ணெதிரே வந்து நின்றது. வரைபடக்காரனுக்கு இது அவமானம். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

1970 வரை இந்த மகாலில் நீதிமன்றம் நடந்தது. அப்பா ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காக இங்கே வாய்தா வாய்தாவாக அலைந்திருக்கிறார். நாயக்கர் சிம்மாசனத்தைவிட அந்தப் பெஞ்சுகள் எங்கே போட்டிருந்தன என்று அறியவே எனக்கு ஆசை.

மார்ச் 24, ஞாயிறு

வைகை. ட்ரைப்பின் இன்னொரு படம் ஆற்றின் குறுக்கே மதுரைக்குப் போகும் தரைப்பாலம். ஏ.வி. பாலம் என்று நாம் சுருக்கும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889இல்தான் வருகிறது. அதற்கு முன் ஆற்றைக் கடக்க இந்தக் கல் தடம்தான். வடகரையில் நின்று எடுத்திருக்கிறார். நானும் வடகரையில் நின்றேன். யானைக்கல் பக்கத்துக் கல்பாலம்தான் அதன் வாரிசா என்று நானே ஊகித்துக்கொண்டேன். ஆறு சாக்கடையாகத் தேங்கிக் கிடந்தது. இரண்டு பன்றிகள் குறுக்கே போயின. படம் எடுக்கவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

பெரியார் பேருந்து நிலையம் அருகே, மேல வெளி வீதியில், கோட்டையின் மிச்சத் துண்டு. இத்தனை நாளும் இதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன், பாயசம் மாதிரி. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நானும்தான் முப்பது வருடம் பார்க்கவில்லை. எதிரே நின்று, மாசி வீதியிலிருந்து இங்கே எத்தனை எட்டு என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அத்தனை அகலமும் ஒரு காலத்தில் மதிலும் அகழியும்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பத்துத் தூண் சந்தில் நான் எடுத்த படத்தைக் காட்டினேன். நடுவில் துணி மூட்டை சுமந்து போன பையன் ஒருவன் கலங்கலாக விழுந்திருந்தான். அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தூண் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இந்த மூலைக் கடையில்தான்டா உன் கல்யாணத்துக்கு வேட்டி எடுத்தோம். பெயர்ப் பலகையை மாற்றிவிட்டான்" என்றார்.