மணியின் இடது கண் வந்துவிட்டது

நேற்று ராத்திரி எங்கள் நாய் மணியின் இடது கண்ணை வரைந்து முடித்துவிட்டேன். படம் இன்னும் பாதிகூட ஆகவில்லை. காது இரண்டும் வெறும் கோடாக நிற்கின்றன, கழுத்துக்குக் கீழே பென்சிலே படவில்லை. ஆனால் கண் வந்துவிட்டது. அதுவும் நான் நினைத்த மாதிரியே வந்துவிட்டது. கறுப்பு நாயை வண்ணப் பென்சிலில் வரைந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

ரோமத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடியில் கோல்ட் கிரே (Cold Grey, குளிர்ச்சியான சாம்பல்), அதன்மேல் டார்க் இண்டிகோ, வெளிச்சம் படும் பக்கம் டார்க் செபியா, எல்லாம் படிந்த பிறகுதான் கறுப்பு. எடுத்ததுமே கறுப்பைத் தேய்த்தால் தார் பூசிய சுவர் மாதிரி தட்டையாகப் போய்விடும். மீசை முடிக்கு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாதான் என் கருவி. நிறம் தொடும் முன்பே தாளில் அழுத்திக் கோடு போட்டுவிட்டு, மேலே மழுங்கிய பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். பள்ளத்தில் நிறம் இறங்காது, வெள்ளை அப்படியே நிற்கும். முனை கூராக இருந்தால் உள்ளே இறங்கிக் கெடுத்துவிடும். மணிக்கு 11 வயது, முகவாய் முழுக்க நரை. அதனால் இந்த வேலை நிறையவே இருந்தது.

இப்போது கண். மகள் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கண் பாப்பாவின், அதாவது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தின், எல்லையைக் கோடு போடும்போதுதான் கவனித்தேன், நடுவில் நீலம் கலந்த புகை மாதிரி ஏதோ தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தின் பிரதிபலிப்பாக இருக்கும் என்று வேறு வேறு பக்கத்திலிருந்து போட்டோ எடுத்துப் பார்த்தோம். ஜன்னலின் பிம்பம் இடம் மாறியது. அந்த நீலம் மாறவில்லை. அடுத்த கண்ணிலும் அதே நீலம்.

அம்மா அப்போது சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லோரையும் ஆட்டிவிட்டது. "கொஞ்ச நாளாத் தண்ணியும் நிறையக் குடிக்கிறான், பாத்தியா?" நாய்களுக்குச் சர்க்கரை நோய் வந்தால் தாகம் கூடும், கண்புரையும் வேகமாக விழும் என்று எனக்குத் தெரியும். பென்சிலை அப்படியே வைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மகள் அவன் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்த பிறகு விளக்கடித்துப் பார்த்தார். கண்புரை இல்லை. லென்ஸ் வயதாகி இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். லென்ஸில் ஆயுள் முழுக்கப் புது இழைகள் சேர்ந்துகொண்டே இருக்குமாம். பழையவை உதிர வழியில்லாமல் நடுவில் நெருங்கி இறுகும்போது ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது. வயதான நாய்கள் பலவற்றுக்கும் இது உண்டு, பார்வை பெரும்பாலும் கெடுவதில்லை. விளக்கடித்தால் கண்ணின் பின்புறத்திலிருந்து வரும் மினுக்கம் இந்தப் புகையைத் தாண்டியும் தெரியும். புரை முற்றியிருந்தால் அந்த ஒளியை மறைத்துவிடும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள், காட்டிவிடுங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. தண்ணீரை அளந்து வைக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால்தான் அதிகத் தாகமாம். மணி அதற்கு வெகு கீழே. அம்மா இப்போதும் அளந்துதான் ஊற்றுகிறார், அது அவருக்கு ஒரு நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் படத்தில் அந்த நீலத்தை விடக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். அது இல்லாத கண் இரண்டு வயது மணியின் கண். நான் வரைவது இன்றைக்கு இருக்கும் மணியை.

ஆனால் புகை கண்ணுக்குள்ளே இருப்பதாகத் தெரிய வேண்டும், மேலே ஒட்டினாற்போல் அல்ல. கறுப்பின் மேல் வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தால் சுண்ணாம்புதான் வரும். தனித்தாளில் பலமுறை போட்டுப் பார்த்து ஒரு வரிசைக்கு வந்தேன். முதலில் பாப்பாவின் நடுவில் வெளிர் கோல்ட் கிரே, அதன்மேல் டெல்ஃப்ட் ப்ளூ, சின்னச் சின்ன வட்டமாக, பென்சிலின் கனம் மட்டும் படும்படி. பிறகு விளிம்பிலிருந்து உள்நோக்கி இண்டிகோ, அப்புறம் கறுப்பு. நடுவை நெருங்க நெருங்க அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டும், எந்த இடத்திலும் கோடாக நிற்கக் கூடாது. ஜன்னலின் ஒளிப்புள்ளியை மட்டும் வெறும் தாளாக, கத்தியால் வெட்டினாற்போன்ற விளிம்போடு விட்டேன், புகையின் ஓரத்தை அது பாதி மறைக்கும்படி. கூரான விளிம்பு மேலே வந்துவிடும், மங்கல் தானாக உள்ளே போய்விடும். ஆழம் முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒளிப்புள்ளிக்கு நேர் எதிரே கருவிழியில் கொஞ்சம் பழுப்பு ஏற்றியதும் கண் உருண்டது. மகள் பார்த்துவிட்டு, "என்னையே பாக்குறான்மா" என்றாள்.

இதற்கு எண்ணெய் சேர்ந்த பென்சில்தான் என் தேர்வு, நான் வைத்திருப்பது பாலிகுரோமோஸ். மெழுகுப் பென்சிலில் அடர் நிறத்தை அழுத்திப் பூசினால் சில நாளில் வெள்ளைப் படலம் பூக்கும். மெல்லிய துணியால் துடைத்து, படத்தைப் பாதுகாக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரே அடித்தால் சரியாகும் என்றாலும், கண்ணுக்குள்ளேயே ஒரு புகையை வரைந்து வைத்திருக்கும்போது மேலே இன்னொன்று எனக்கு வேண்டாம்.

பென்சில் என்றதும் ஒரு புலம்பல். தனிப் பென்சிலாக ஆன்லைனில் வரவழைத்த இண்டிகோ உள்ளுக்குள்ளேயே ஒடிந்து வந்திருக்கிறது. சீவச் சீவ முனை விழுகிறது, பாதிப் பென்சில் ஷார்ப்பனருக்கே போய்விட்டது. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. கறுப்பு நாய் வரைபவர்களுக்கு முதலில் தீர்வது இண்டிகோதான், கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிகிற கடையில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள்.

அடுத்து வலது கண். அதில் புகை இன்னும் கொஞ்சம் அடர்த்தி, டெல்ஃப்ட் ப்ளூவைக் கூட்ட வேண்டியிருக்கும். காதுகளை நினைத்தால் இப்போதே அலுப்பாக இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறத் தாள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மணி தூங்கும் போஸை அதில் வரையலாம் என்று மகள் ஏற்கெனவே போட்டோ எடுத்துத் தள்ளிவிட்டாள். இண்டிகோ வந்ததும் எது முதலில் என்று பார்க்கலாம்.