சிமெண்டில் ஒரு பனந்தடி

கொத்தனார் அண்ணாச்சி முதல் நாள் செய்துவைத்துவிட்டுப் போனதை யார் பார்த்தாலும் மரம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதுதான் பிரச்சினை. மரமாக இருந்தது, பனையாக இல்லை.

வெட்டுமுகத்தில் வட்டம் வட்டமாக ஏழெட்டு வளையம். பக்கவாட்டில் ஒடிந்த கிளை ஒன்று, அதன் முனையிலும் குட்டிக் குட்டியாய் வளையம். மேலிருந்து கீழே நெளிநெளியாகப் பட்டை. நம் ஊர்ப் பூங்காக்களில் பெஞ்சுக்குக் காலாகவும் வேலிக் கம்பாகவும் குப்பைத்தொட்டியாகவும் நிற்குமே, அதே சிமெண்ட் மரம். அது வேம்பா, பூவரசா, புளியா என்று யாராலும் சொல்ல முடியாது.

"பனைக்கு ஏது அண்ணாச்சி கிளை?"

"ஒரு அழகுக்குத்தான் டீச்சர்."

கிளைப்பனை எங்காவது ஒன்று நிற்கும்தான். அதைப் பார்க்கவே ஆள் போவார்கள். ஆனால் நான் கேட்டது அது இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. திசையன்விளைப் பக்கம் எங்களுக்கு ஒரு பனவிளை இருந்தது. கிணற்றடியிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் போக, பனந்தடியை நெடுக்காகப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைக் குடைந்து எடுத்துவிட்டு, வாய்க்கால் மாதிரி அப்பா போட்டுவைத்திருந்தார். பழைய ஓட்டு வீடுகளில் இரண்டு கூரை சேரும் இடத்தில் மழைத்தண்ணீர் வடிய வைப்பதும் இதே குடைந்த தடிதான். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அதன் முனையில் வாயை வைத்துக் குடிப்போம். விளையை விற்றபோது, வாங்கியவர்கள் ஜேசிபியை விட்டு ஒரே நாளில் பனை எல்லாவற்றையும் சாய்த்துவிட்டார்கள். தம்பி மூன்றடித் துண்டு ஒன்றை மட்டும் வேனில் போட்டு பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினான். "வச்சுக்கோக்கா" என்றான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சான் அன்டோனியோவில் இருக்கும் மகள் சில படங்களை அனுப்பினாள். பிராக்கென்ரிட்ஜ் பூங்காவில் ஒரு நடைபாலம். கைப்பிடி, தூண், மேலே வளைந்த கிளை எல்லாம் பட்டை உரியும் மரம் போலவே இருக்கிறது, ஆனால் முழுக்க சிமெண்ட். மெக்சிகோவிலிருந்து அங்கே போன தியோனிசியோ ரோட்ரிகெஸ் செய்தது. முள்கரண்டி, கரண்டி மாதிரி கையில் கிடைத்ததை வைத்தே பட்டையையும் புழு அரித்த துளையையும் வரைவாராம். சாயம் கலக்கும்போது மட்டும் கூட வேலை செய்கிறவர்கள்கூடப் பார்க்காதபடி மறைத்துக்கொள்வாராம். மெம்ஃபிஸில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் 1935-இல் தொடங்கிப் பல வருடம் வேலை செய்திருக்கிறார். 1955-இல் இறந்தார். அந்தச் சாயக் கணக்கை அவர் யாருக்கும் முழுசாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த வேலைக்குப் பிரெஞ்சில் 'ஃபோ புவா' என்று பெயர். பொய் மரம் என்று அர்த்தம். பாரிஸில் 1867-இல் திறந்த புத் ஷோமோன் பூங்காவில் இப்படிப்பட்ட சிமெண்ட் மரக் கைப்பிடிகள் இன்றும் உண்டு. அதே 1867-இல்தான் ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர், இரும்பு வலைமேல் சிமெண்ட் பூசிச் செய்த செடித்தொட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று அடுக்குமாடியும் பாலமும் நிற்பது கம்பியும் சிமெண்டும் சேர்ந்த அந்தக் கூட்டில்தானே. தொட்டி உடையாமல் இருக்க வேண்டும் என்று ஒரு தோட்டக்காரர் பட்ட கவலையும் அதன் தொடக்கத்தில் இருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குத் தைரியம் வந்தது. நானும் தொட்டிதானே கட்டப்போகிறேன்.

திட்டம் எளிது. வாசலின் இடது மூலையில் நாலடி அகலத்தில் வட்டத்தொட்டி. அதன் பின்னால் மூன்றடி உயரத்துக்கு வெட்டிவிட்ட பனை. அதன் தலையில் சாய்வாகப் படுத்திருக்கும் நாலரையடிக் குடைந்த தடி. அதிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழ வேண்டும். விழுந்த தண்ணீரைச் சின்ன பம்பு மறுபடி மேலே ஏற்றும்.

முதல் நாள் செய்ததை ஈரம் காய்வதற்குள் சுரண்டி எடுக்கச் சொன்னேன். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடமாகக் கரணை பிடிக்கிறவர், கோபம் வரத்தானே செய்யும். தம்பி கொண்டுவந்த துண்டை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். "இதப் பாருங்க. எங்க இருக்கு வளையம்?"

குனிந்து பார்த்தார். வெட்டுமுகத்தில் வளையமே இல்லை. நடுவில் வெளிறிய பஞ்சு போன்ற சோறு. அதில் மிளகைத் தூவினாற்போல் புள்ளிகள். ஓரத்துக்கு வர வர அந்தப் புள்ளிகள் நெருங்கி, கடைசி இரண்டு அங்குலம் இரும்பு மாதிரி கறுத்துக் கிடக்கிறது. வீட்டுக்குக் கைமரம் அறுப்பது அந்த ஓரத்தில்தான். மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே, பனைக்கு வெளியே. தொல்காப்பியத்தின் மரபியல் இதை வைத்தே பிரிக்கிறது: வெளியே காழ், அதாவது வைரம், இருந்தால் புல், உள்ளே காழ் இருந்தால் மரம். வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரிதான். ஆனால் ஒரு வெட்டுமுகத்தை முன்னால் வைத்துக்கொண்டு அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. இப்போது காட்டினேன்.

"அப்போ நாம செய்யுதது மரமே இல்லியா டீச்சர்?"

"புல்லுதான் அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு வேலை அவருடையதாகிவிட்டது.

அடித்தளத்துக்கு ஜல்லி போட்டு, 8 மில்லிமீட்டர் கம்பியில் கூடு கட்டி, அதன்மேல் சிக்கன் மெஷ்ஷை இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டுக்கம்பியால் சாண் இடைவெளியில் முறுக்கினோம். வலை தொளதொளவென்று இருந்தால் கலவை நிற்காது, தட்டினால் விறைப்பாக இருக்க வேண்டும். முதல் பூச்சு சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று. வலைக்குள் புகுந்து மறுபக்கம் துருத்தும்படி அழுத்தித் தேய்த்து, முழுக்கக் காய்வதற்குள் மேலே கீறிவிட்டாயிற்று, அடுத்த பூச்சு பிடிக்க வேண்டுமே. மறுநாள் சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்த சிமெண்ட் பால் அடித்துவிட்டு, நன்றாகச் சலித்த மணலில் ஒன்றுக்கு இரண்டாக இரண்டாவது பூச்சு. மொத்தம் மூன்று மூட்டை சிமெண்ட் ஆயிற்று. தொட்டிக்கான கலவையில் மட்டும் நீர்க்கசிவைத் தடுக்கும் பவுடரும் சேர்த்தோம்.

உருவம் எல்லாம் இரண்டாவது பூச்சில்தான். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் எங்கள் ஊர் வெயிலில் காலை பத்து மணிக்கு வந்தால் பத்தரைக்குப் போய்விடும். அதனால் சாயங்காலம் நாலு மணிக்குப் பூசி, லைட்டைப் போட்டுக்கொண்டு ராத்திரி எட்டு வரை உட்கார்ந்தோம். பனையின் மேல்தோலில் ஓலை விழுந்த தழும்புகள் அடுக்கடுக்காக வரும். அண்ணாச்சி கரணை ஓரத்தால் அந்தத் தழும்புகளைப் போட்டார். அடியில் தூர் பெருத்து, வேர்கள் கயிறு கயிறாகப் பிதுங்கும் இடத்துக்குக் கலவையைக் கையால் உருட்டி ஒட்டினார். நார்க்கோடுதான் சரியாக வரவில்லை. சீப்பு, பல் தேய்க்கும் பிரஷ், உடைந்த ஆக்சா பிளேடு என்று எல்லாம் பார்த்தோம். கோடு மிகவும் ஒழுங்காக, தலை சீவியது மாதிரி விழுந்தது. அப்புறம் பின்கட்டில் விறகோடு கிடந்த பனைமட்டை ஒன்றை எடுத்து, அதன் கருக்கால் இழுத்துப் பார்த்தேன். கருக்கின் பற்கள் ஒரே அளவில் இருக்காது, சில இடத்தில் ஆழமாகவும் சில இடத்தில் தொட்டும் தொடாமலும் போகும். பனை தன்னைத்தானே வரைந்துகொண்டது மாதிரி இருந்தது. என் உள்ளங்கையையும் கிழித்தது, அது வேறு.

வெட்டுமுகத்துப் புள்ளிகளை ஈர்க்குச்சியால் நான்தான் குத்தினேன். ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் விட்டு விட்டு. இரண்டு மணி நேரம் பிடித்தது.

நிறத்தில் கோட்டை விட்டேன். கறுப்பு ஆக்சைடைக் கலவையிலேயே அள்ளிப் போட்டால் போதும் என்று நினைத்துக் குடைந்த தடியின் மேல்பூச்சில் போட்டோம். காய்ந்ததும் அம்மிக்கல் மாதிரி ஒரே மட்டமான கறுப்பு. பனை கறுப்பு இல்லை, சாம்பலுக்குள் கறுப்பு. மேல்பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூச வேண்டியதாயிற்று. அடுத்த முறை உடைந்த டைல்ஸ் துண்டுகளில் ஏழு விதமாகப் பூசி, இரண்டு நாள் காயவிட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். ஈரத்தில் தெரியும் நிறம் பொய், காய்ந்தால் வெளிறிவிடும். கடைசியில் பிடித்தது இதுதான்: கறுப்பு ஆக்சைடோடு துளி மஞ்சளும் சிவப்பும் கலந்த சிமெண்ட் பாலை மேலே தடவி, உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுவது. மேட்டில் இருப்பது போய்விடும், பள்ளத்தில் மட்டும் தங்கும். ஆக்சைடு என்பது இரும்புத் துரு இனம்தான், அதனால் சிமெண்டின் காரத்துக்கும் வெயிலுக்கும் தாங்கும். துணிச்சாயம் எல்லாம் நிற்காது.

பத்து நாள் ஈரச்சாக்கு சுற்றி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "என்னம்மா, பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்கள்.

முதல் ஓட்டத்தில் இரண்டு கோளாறு. தொட்டித் தண்ணீர் ராத்திரியில் குறைந்தது. வெயிலில் ஆவியாவது எவ்வளவு, ஒழுகுவது எவ்வளவு என்று தெரிய, பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்தோம். ஒரு நாளில் வாளியில் கால் அங்குலம், தொட்டியில் இரண்டு அங்குலம். ஒழுக்குதான். பம்புக் குழாய் தொட்டிச் சுவரைத் துளைத்துப் போகும் இடம். பிவிசி வழுவழுப்பு, சிமெண்ட் அதைப் பிடிக்காது. குழாயைப் பிடுங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழாய் ஒட்டும் பசையைத் தடவி, மணலில் புரட்டிக் காயவைத்து, மறுபடி பதித்தார் அண்ணாச்சி. அதன் பிறகு சொட்டு இல்லை.

இரண்டாவது எனக்கு அவமானமாகவே இருந்தது. தடி முனையிலிருந்து தண்ணீர் வளைந்து விழவில்லை. முனையைத் தாண்டியதும் அடிப்பக்கமாகத் திரும்பி, தடியோடு ஒட்டிக்கொண்டே பின்னால் ஓடி, தூணில் வழிந்தது. விளிம்பு சரியில்லாத பாத்திரத்தில் பால் ஊற்றினால் வழியுமே, அப்படி. பம்பை மாற்றலாமா, முனையை நீட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி ஒரு நிமிடம் பார்த்தார். "சன்ஷேடுக்கு அடியில காடி விடுவோம்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு, முனைக்கு அரை அங்குலம் உள்ளே, அடிப்பக்கத்தில் குறுக்காக ஒரு காடி, சின்னப் பள்ளக்கோடு, வெட்டினார். திரும்பி ஓடிவரும் தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். அவ்வளவுதான். தண்ணீர் பிரிந்து, ஒரு நாடா மாதிரி தொட்டியில் விழுந்தது.

மீன் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தொட்டியில் தண்ணீர் நின்றால் கொசுப்புழு வரும், சுகாதாரத் துறையிலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், அதனால் கப்பி மீன் விடுவது என்று முடிவு. அவசரப்பட்டு ஆறு மீன் விட்டேன். விடிந்து பார்த்தால் ஆறும் மிதக்கிறது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீர் காரமாகிவிடும், எனக்குத் தோன்றவில்லை. ஆரத்தித் தட்டு ஞாபகம் வந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் அல்லவா? ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து மஞ்சள்தூளைக் கரைத்தேன். நல்ல ஆரத்திச் சிவப்பு. தண்ணீரை இறைத்துவிட்டு நிரப்பி, நாலு நாள் ஊறவிட்டு, மறுபடி இறைத்து, இப்படி ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணம் மஞ்சள். கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. இப்போது மீன்கள் பெருகி, தெருப்பிள்ளைகள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

பம்பு 18 வாட்தான், ஏர்கூலரில் போடும் வகை. சாயங்காலம் மூன்று மணி நேரம் ஓட்டினால் மாதம் இரண்டு யூனிட்கூட ஆகாது. தாமிரபரணித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரை விட்டால் தடி முனையில் வெள்ளையாக உப்புப் படிகிறது. பனையில் சுண்ணாம்பு தடவியது மாதிரி அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். தம்பி கொண்டுவந்த அசல் துண்டு பக்கத்திலேயே நிற்கிறது. நடுச்சோறு மக்கி, ஒரு விரல் நீளம் உள்ளே இறங்கிவிட்டது. அணில் அதற்குள் நார் சேர்த்துவைக்கிறது. சிமெண்ட் பனை பக்கம் அது வருவதே இல்லை.

போன வாரம் அண்ணாச்சி போன் செய்தார். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, மாமரத் தூரில் தண்ணீர் விழுகிற மாதிரி கேட்கிறார்களாம்.

"டீச்சர், மாமரத்துக்கு வட்டம் போடலாம்ல?"

"போடலாம் அண்ணாச்சி."

"கிளை?"

"தாராளமா."

"எதுக்கும் ஒரு துண்டு வெட்டிட்டு வாரேன், நீங்க ஒரு தடவை பாத்துருங்க."