முப்பரிமாண வீடியோ: நாலு கேமராவையும் ஒரே துடிப்பில் ஓட்டிப் பார்த்தது

நாலு கேமராவின் வீடியோக்களைச் சேர்த்து முப்பரிமாண உருவம் எடுக்க, எல்லாம் ஒரே கணத்தைக் காட்ட வேண்டும். கைதட்டல் சத்தத்தை வைத்து வீடியோக்களைப் பொருத்தும் வழியை விட்டாயிற்று. அதில் ஃபிரேம் எண்ணைத்தான் சரிசெய்யலாம். கேமராக்கள் தம்போக்கில் ஓடினால், நொடிக்கு 30 ஃபிரேமில் 16 மில்லிநொடி வரை விலகல் மிஞ்சும். கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினால் அது 8 சென்டிமீட்டர். ஒவ்வொரு கேமராவிலும் தெரியும் வெளிவடிவத்தை, அதாவது நிழலுருவத்தை, வைத்து வெட்டி உருவம் எடுக்கும் முறையில் எல்லாக் கேமராவும் ஒத்துக்கொள்ளும் இடம்தான் மிஞ்சும். அதனால் கை இரண்டாகத் தெரிவதில்லை, காணாமலே போய்விடுகிறது.

இப்போது இருப்பவை: ராஸ்பெர்ரி பை குளோபல் ஷட்டர் கேமரா (படம் முழுவதையும் ஒரே கணத்தில் எடுப்பது) நான்கு, கேமராவுக்கு ஒன்றாக ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, எல்லாவற்றுக்கும் மின் துடிப்பு கொடுக்க பிக்கோ என்ற ஒரே சிறு கட்டுப்பாட்டுப் பலகை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு ஃபிரேம். கேமரா போர்டில் எக்ஸ்டிஆர் என்ற முனைக்குத் துடிப்பு போக வேண்டும். அதற்கு 1.8 வோல்ட்தான், பிக்கோ தருவதோ 3.3. ஒவ்வொன்றுக்கும் 1.5, 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஜோடி போட்டுக் குறைத்தேன். க்யூ2 டிரான்சிஸ்டர் உள்ள போர்டாக இருந்தால் ஆர்11 என்ற ரெசிஸ்டரைக் கழற்ற வேண்டும். கண்ணுக்கே தெரியாத பொடி அது, மெல்லிய சால்டரிங் முனை இல்லாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

எக்ஸ்போஷரும் (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளி வாங்கும் நேரம்) இனி பிக்கோ கையில்தான்: துடிப்பு தாழ்ந்திருக்கும் நேரம், கூடவே 14.26 மைக்ரோநொடி. நொடிக்கு 50 துடிப்பு வைத்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30-இல் டியூப்லைட் வெளிச்சம் ஃபிரேமுக்கு ஃபிரேம் அலைந்தது.

சரி, படம் ஒரே கணத்தில் விழுகிறது. ஆனால் எந்த ஃபிரேமுக்கு எது ஜோடி? பைகள் தனித்தனியே பதிவைத் தொடங்குகின்றன, நடுவில் ஏதாவது ஒன்று ஒரு ஃபிரேமை விழுங்கியும்விடும். உண்மையான தலைவலி இதுதான். எல்லாம் ஓடத் தொடங்கியபின் பிக்கோ அரை நொடி துடிப்பை நிறுத்தித் தொடரும்படி செய்தேன். ஒவ்வொரு ஃபிரேமும் விழுந்த நேரம் பதிவாகும் நேரமுத்திரைக் கோப்பில் அந்த இடைவெளி பளிச்சென்று தெரிகிறது, அடுத்த ஃபிரேம்தான் எல்லாக் கேமராவுக்கும் பூஜ்ஜியமாவது ஃபிரேம். அப்புறம் 20 மில்லிநொடிக்குப் பதில் 40 வந்தால், அங்கே ஒன்று போயிற்று என்று காலியிடம் விட்டுவிடலாம். பைகளின் கடிகாரங்களைப் பொருத்தும் வேலையே இல்லை. ரொம்ப நேரம் மட்டும் நிறுத்தக் கூடாது, கேமரா செத்துவிட்டதென்று மென்பொருள் முடிவுகட்டிவிடும்.

மில்லிநொடிக்கு ஒன்றாக நகரும் எல்இடி வரிசையைப் படம்பிடித்துச் சோதித்தேன். நாலு கேமராவிலும் அதே விளக்குகள்.

மிச்சம் வெளிச்சம். 3 மில்லிநொடி எக்ஸ்போஷரில் படம் இருண்டுவிடுகிறது, கெயினை (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் புள்ளிபுள்ளியாகி நிழலுருவின் ஓரம் பிய்கிறது. அடுத்து பின்திரைக்குத் தனி விளக்கு.