ராணி போன பிறகு

ஜூன் 3

செஸ் வகுப்பில் ஒரு பையன் ஏழாவது நகர்த்தலிலேயே ராணிக்கு ராணி வெட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தான். ஏன்டா என்று கேட்டேன். "அந்த அக்கா பெரிய பிளேயர் சார். ராணி போயிட்டா டிரா பண்ணிடலாம்." தோற்றுத்தான் போனான். சின்னப் பசங்களை மட்டும் சொல்வானேன், ரேட்டிங் கூடிய ஆள் எதிரே உட்கார்ந்தால் பெரியவர்களும் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுகிறார்கள்.

ஜூன் 5

லாஸ்கர் (அப்போதைய உலக சாம்பியன், வெள்ளை)–கபாபிளாங்கா (கறுப்பு), செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டி, 1914. இன்று இரவு முழுக்க இதே ஆட்டம்தான். முதலிடம் வேண்டுமென்றால் லாஸ்கர் ஜெயித்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் ரூய் லோபஸ் என்ற தொடக்க முறையில் பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வெட்டுகிறார். ஏழாவது நகர்த்தலுக்குள் ராணிகளும் காலி. கறுப்புக்கு இரட்டைச் சிப்பாய், அதாவது ஒரே நெடுவரிசையில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு; அது ஒரு பலவீனம்.

எனக்குப் பிடித்த இடம் 14-வது நகர்த்தல். கறுப்புக் கட்டத்து பிஷப்புகளை லாஸ்கர் வெட்டிக்கொள்கிறார். அதனால் கறுப்பின் இரட்டைச் சிப்பாய் சரியாகிவிடுகிறது! எதிராளியின் குறையை நாமே தீர்த்து வைக்கலாமா என்று என் மாணவர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் இரண்டே நகர்த்தலில் வெள்ளைக் குதிரை கறுப்பின் எல்லைக்குள் ஆறாம் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. விரட்ட ஒரு சிப்பாய் கிடையாது. கபாபிளாங்கா மூச்சுமுட்டி 42-வது நகர்த்தலில் தோற்றார். வெட்டுப்பட்ட காய்களைக் கூட்டிக் கழித்தால் கணக்கு சமம்தான். பலகையில் மிஞ்சிய குதிரையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஜூன் 8

பெர்லின் தற்காப்பு, ரூய் லோபஸுக்குக் கறுப்பு தரும் ஒரு பதில். லண்டன், 2000, உலகப் பட்டப் போட்டி: கிராம்னிக் இதைக் கொண்டுவந்தார், காஸ்பரோவ் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, பட்டமும் போனது. எட்டாவது நகர்த்தலில் ராணிகள் போகின்றன; கறுப்பு ராஜாவுக்கு காஸ்லிங்கும் (யானையோடு சேர்ந்து நகர்ந்து ஓரமாகப் பதுங்குவது) இல்லை. ஆனால் நடுவில் நிற்கும் அந்த ராஜாவைத் தாக்க வெள்ளையிடம் ராணி இல்லையே.

அதற்காக கறுப்பு எல்லாவற்றையும் வெட்டித் தள்ள முடியாது. ராஜா பக்கம் வெள்ளைக்கு நான்குக்கு மூன்று சிப்பாய். மற்ற காய்கள் எல்லாம் போனால் அதில் ஒன்று தடையின்றி ஓடும். மறுபக்கம் கறுப்புக்கும் நான்குதான், ஆனால் ஒன்றின் பின் ஒன்றாக இரட்டித்து நிற்பதால் எளிதில் ஓட வழியில்லை. அதனால் கறுப்பு தன் இரண்டு பிஷப்பையும் பொத்திப் பாதுகாக்கும்.

ஜூன் 9

மழை. வகுப்பு இல்லை.

ஜூன் 12

சோச்சி, 2014, உலகப் பட்டப் போட்டி. ஆனந்த், கார்ல்சன், மறுபடி பெர்லின். ஏழாவது ஆட்டம் 122 நகர்த்தல் நீண்டது; ராணி போனால் சீக்கிரம் முடியும் என்பவர்களுக்குக் காட்டலாம்.

11-வது ஆட்டம் மனசுக்குக் கஷ்டம். 27-வது நகர்த்தலில் ஆனந்த் தன் யானையை கார்ல்சனின் பிஷப் வெட்டும் இடத்தில் வைத்தார். யானைக்கு ஐந்து புள்ளி, பிஷப்புக்கு மூன்று என்ற பாடக் கணக்குப்படி நஷ்டம். பதிலுக்கு அவருடைய சிப்பாய் வரிசை இறுகியது. தைரியமான யோசனைதான், ஆனால் அவசரம் என்றே எனக்குப் படுகிறது. அந்த நிலையில் அவருக்கு ஆபத்து எதுவும் இல்லை. கார்ல்சன் யானைகளுக்கு வழி திறக்கக் காத்திருந்தார். 45-வது நகர்த்தலில் ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பட்டம் கார்ல்சனிடமே இருந்தது.