பழைய டாலரும் லாம்டாவும்

கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் நிரல்மொழியான லீன் 4-இல் லாம்டா (λ, பெயரில்லாச் சார்பு எழுத), டாலர் ($, அடைப்புக்குறியைத் தவிர்க்க) குறிகளை எழுதினாலும் நிரல் ஓடும். லீனின் கணித நூலகமான மேத்லிப்பில் மட்டும் லின்டர் (எழுதும் பாணியைச் சோதிக்கும் கருவி) எச்சரிக்கும். லாம்டாவுக்குப் பதில் 'ஃபன்' (fun), டாலருக்குப் பதில் இடப்பக்கக் குழாய்க்குறி (<|) எழுத வேண்டும்.

மாற்றும்போது கிரெப் (எழுத்தைத் தேடும் கருவி) போட்டுத் தேடி மொத்தமாக மாற்றிவிடாதீர்கள்! மேக்ரோக்களுக்குள் (நிரலை உருவாக்கித் தரும் விதிகள்) மாறிக்கு முன்னால் வரும் டாலர் வேறு சங்கதி; அதைத் தொட்டால் மேக்ரோவே உடையும். லின்டர் எழுத்தைப் பார்ப்பதில்லை, தொடரியல் மரத்தை, அதாவது லீன் நிரலைப் புரிந்துகொண்ட அமைப்பைப் பார்க்கிறது. அதனால் கமெண்டில் உள்ள டாலரையும் கண்டுகொள்ளாது.

சொந்த புராஜெக்டிலும் இது வேண்டுமென்றால் லேக் (லீனின் பில்ட் கருவி) கோப்பில் அந்த லின்டர் ஆப்ஷனை 'வீக்' (weak) முன்னொட்டுடன் எழுதுங்கள். ஆப்ஷன் பிறப்பது மேத்லிப்பில், லீனில் அல்ல. முன்னொட்டு இல்லாவிட்டால், மேத்லிப்பை இம்போர்ட் செய்யாத கோப்பு 'தெரியாத ஆப்ஷன்' என்று நின்றுவிடும்.

கணிதத்தில் ஐகன் மதிப்பை (eigenvalue) வழக்கமாக லாம்டா என்றே எழுதுவார்கள்; லீனில் அந்தப் பெயரை வைக்க முடியாத கடுப்பு மட்டும் தீரவில்லை. லாம்டா லீனில் இன்னும் ஒதுக்கப்பட்ட குறிதான். மேத்லிப்பே மியூ (μ) என்றுதான் எழுதுகிறது.